சொல்லின் வயதும் பொருளின் வயதும்: 'ரோஜாவின் பெயர்' நாவல் அச்சேறிய வரலாறு

முன்னுரை

கடந்த காலத்து மாந்தரை இக்காலத்து மொழியில் பேசவைக்க வேண்டும். ஆயினும் அவர்கள் அறிந்திராத எதனையும் அவர்கள் வாயில் இடுதல் கூடாது. வரலாற்று நாவலாசிரியர் எதிர்கொள்ளும் இடர்களுள் தலையாயது இதுவே. சமய வரலாற்றைக் களமாகக் கொண்ட நாவலில் இவ்விடர் இன்னும் பெரிதாகின்றது. ஒரு சொல்லுக்கு எப்பொருள் கொள்வது என்னும் வேறுபாடே மனிதரைத் தீக்கிரையாக்கிய காலங்கள் அச்சமய வரலாற்றில் உண்டு.

இத்தாலியக் குறியியல் அறிஞரும் பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியருமான உம்பர்ட்டோ எக்கோ (1932-2016) எழுதிய 'ரோஜாவின் பெயர்' என்னும் நாவல் 1980-இல் மிலான் நகரத்துப் பொம்பியானி பதிப்பகத்தாரால் வெளியிடப்பட்டது. 1327-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், வட இத்தாலிய மலைப்பகுதியில் அமைந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவுமடம் ஒன்றில் ஏழு நாட்களில் நிகழும் தொடர் மரணங்களையும் அவற்றின் புலனாய்வையும் அது கூறுகின்றது. 1981-இல் அந்நாட்டின் ஸ்ட்ரேகா பரிசினைப் பெற்றது. நாவலை உருவாக்கிய முறையினை எக்கோ 1983-இல் ஒரு பின்னுரையாக எழுதி வெளியிட்டார். 2012-இல் நாவலின் திருத்திய பதிப்பும் வெளிவந்தது. இவ்விரண்டினையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகின்றது. சமயக் கோட்பாடு, அரசியல், மெய்யியல் ஆகியவற்றைச் சார்ந்த பெரிய சொற்களில் அன்று, காய்கறி, இசைக்கருவி, காலஅளவு ஆகியவற்றைக் குறிக்கும் சிறிய சொற்களிலேயே ஆசிரியர் பிற்காலத்தில் தம் பிழைகளைக் கண்டார். இதன் காரணத்தையும், மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் விளையும் கடமையினையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகை அமைத்தல்

எக்கோ இந்நாவலை 1978 மார்ச்சில் எழுதத் தொடங்கினார். துறவி ஒருவரை நஞ்சிட்டுக் கொல்ல வேண்டும் என்னும் விருப்பமே கதையின் வித்து என அவர் வேடிக்கையாகக் கூறுவார். முதலில் இக்காலத்து மடம் ஒன்றே அவர் எண்ணத்தில் இருந்தது. ஆயினும் இடைக்காலம் அவருக்குப் புதிய புலம் அன்று. 1954-இல் தூரின் பல்கலைக்கழகத்தில் புனித தாமஸ் அக்குவினாசின் அழகியல் பற்றி ஆய்வேடு அளித்தவர் அவர். அது 1956-இல் நூலாகவும் வந்தது. எனவே கதை இடைக்காலத்திற்கு நகர்ந்தது.

பணியின் முதல் ஆண்டு கதை எழுதுவதில் அன்று, உலகை அமைப்பதிலேயே கழிந்தது. இடைக்கால நூலகம் ஒன்றில் இருந்திருக்கக்கூடிய நூல்களின் நீண்ட பட்டியல், கதையில் தோன்றாத மாந்தருக்கும் பெயரும் விவரமும் அடங்கிய குறிப்புகள், மடத்தின் நில அமைப்பு, சுழற்படிக்கட்டின் படிகளின் எண்ணிக்கை ஆகியன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. நூலகம் ஒரு புதிர்வழிக் கட்டடமாக அமைய வேண்டியிருந்தது. பழைய புதிர்வழிகள் பெரும்பாலும் திறந்தவெளியில் அமைந்தவை. நூலகத்திற்கோ கூரை வேண்டும். வழிகள் மிகச் சிக்கலாயின் காற்று புகாது. காற்று புகாவிடின் கதையின் முடிவில் கட்டடம் தீப்பற்றி எரியாது. இவற்றையெல்லாம் ஈடுசெய்யும் வரைபடத்தினைக் காண அவருக்கு இரண்டு மூன்று திங்கள் தேவைப்பட்டன.

இவ்வரைபடம் உரையாடலின் அளவினையும் நிர்ணயித்தது. இரு மாந்தர் உணவுக்கூடத்திலிருந்து முற்றத்திற்குப் பேசிக்கொண்டே நடந்தால், அத்தொலைவு கடந்தவுடன் பேச்சும் நின்றது. கதையின் உரையாடல்கள் திரைப்படத்திற்குரிய நீளம் உடையனவாக இருக்கின்றன எனத் திரைப்பட இயக்குநர் மார்கோ ஃபெரேரி கூறியதற்குக் காரணம் இதுவே என எக்கோ விளக்கியுள்ளார்.

நாள் குறித்தல்

1327 என்னும் ஆண்டு எழில் கருதித் தேர்ந்ததன்று. புலனாய்வாளராக வரும் பாஸ்கர்வில் ஊர் வில்லியம் ஓர் ஆங்கிலேயப் பிரான்சிஸ்கன் துறவி. ரோஜர் பேக்கனைத் தம் ஆசானாகக் கொண்டவர். ஓக்காம் ஊர் வில்லியத்தின் நண்பர். தனித்தனிப் பொருட்களை அறிவதற்குக் குறிகளைப் பயன்படுத்தும் சிந்தனை பேக்கனுக்கும் ஓக்காமுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே வளர்ந்தது என்பது எக்கோவின் கருத்து. துப்பறிபவர் குறிகளைப் படிப்பவராக இருத்தல் வேண்டுமாயின் பதினான்காம் நூற்றாண்டே பொருந்துவதாயிற்று.

அக்காலத்தின் பெரும் வழக்கு ஏழ்மை பற்றியது. கிறிஸ்துவும் அவருடைய திருத்தூதர்களும் தனியாகவோ பொதுவாகவோ எதனையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்பது 1322-இல் பெரூஜியாவில் கூடிய பிரான்சிஸ்கன் சபையின் அறிவிப்பு. பாப்பரசர் 22-ஆம் யோவான் 1323 நவம்பரில் இக்கூற்றினைத் தப்பறை எனத் தீர்ப்பளித்தார். ஒரு பொருளைப் பயன்படுத்துதலும் அதனை உடைமையாகக் கொள்ளுதலும் வேறா, ஒன்றா என்பதே வழக்கின் கரு. உண்ணும் அப்பத்தைப் 'பயன்படுத்துகின்றேன்' என்பதா, 'உடையேன்' என்பதா என்னும் இச்சொல்லாராய்ச்சியின் பின்னணியில் உயிர்கள் இருந்தன. கீழ்ப்படிய மறுத்த பிரான்சிஸ்கன் துறவியர் நால்வர் 1318-இலேயே மார்சேய் நகரில் எரிக்கப்பட்டிருந்தனர்.

பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் செசேனா ஊர் மிக்கேல் 1327 டிசம்பர் தொடக்கத்தில் பாப்பரசரின் இருப்பிடமான அவிஞ்ஞோன் நகரை அடைந்துவிட்டார். 1328 மே 26 இரவில் அவரும் ஓக்காமும் அங்கிருந்து தப்பிச் சென்றனர். எனவே அவர் பங்கேற்கும் ஒரு கற்பனைச் சந்திப்பு நவம்பர் இறுதிக்குள் நிகழ்ந்தாக வேண்டும். இங்கு மற்றொரு தேவை குறுக்கிட்டது. திருவெளிப்பாட்டு நூலின் எக்காளங்களை ஒட்டி அமையும் மரணங்களுள் ஒன்றிற்குப் பன்றிக் குருதி நிறைந்த பெருந்தாழி வேண்டியிருந்தது. பன்றி அடித்தல் கடுங்குளிர் காலத்து வழக்கம். இத்தாலியச் சமவெளியில் நவம்பர் அதற்கு முந்தியது. ஆகவே மடம் பனி பெய்யும் மலைமேல் ஏற்றப்பட்டது. வரலாற்றின் ஒரு நாள் கதையின் நிலப்பரப்பினையே மாற்றியமைத்த முறை இது.

வரலாற்றினை எக்கோ வளைத்த இடமும் உண்டு. நாவலில் சமய விசாரணை நடத்தும் பெர்னார் குய் மெய்யான மனிதர். 1307 முதல் துலூஸ் நகரில் விசாரணை அதிகாரியாக இருந்து, அப்பணி பற்றி விரிவான கையேடு எழுதியவர். ஆனால் 1324-இலேயே அவர் லொதேவ் மறைமாவட்டத்தின் ஆயராகிவிட்டார். இஃது அறியாது செய்த பிழையன்று, கதைக்காக எடுத்துக்கொண்ட உரிமை. பின்னர்ப் பேசவிருக்கும் பிழைகளிலிருந்து இதனை வேறுபடுத்திக் காணல் வேண்டும்.

மொழிபெயர்ப்பு என்னும் முகமூடி

இடைக்காலத்தைப் பற்றிப் பேசுவதோடு, இடைக்காலத்தின் குரலிலேயே பேச வேண்டும் என்பது எக்கோவின் விழைவு. இதற்கென அவர் பூண்ட முகமூடி மொழிபெயர்ப்பு ஆகும். மெல்க் ஊர் அட்சோ என்னும் துறவி முதுமையில் இலத்தீனில் எழுதிய கையெழுத்துப்படி. அதனைப் பதினேழாம் நூற்றாண்டில் பதிப்பித்தவர் மாபியோன். அப்பதிப்பிலிருந்து வல்லே என்னும் குரு 1842-இல் செய்த பிரெஞ்சு ஆக்கம். அதிலிருந்து இவ்விருபதாம் நூற்றாண்டு இத்தாலிய ஆக்கம் என்று முன்னுரை கூறுகின்றது. முன்னுரையின் நாள் 1980 ஜனவரி 5. அஃது எக்கோவின் பிறந்த நாளும் ஆகும்.

இவ்வடுக்கில் வல்லே கற்பனை. மாபியோனோ (1632-1707) மெய்யானவர். பழைய ஆவணங்களின் மெய்ம்மையினைச் சோதிக்கும் கலைக்கு 1681-இல் அடிப்படை நூல் இயற்றியவர் அவரே. போலிக் கையெழுத்துப்படிக்கு அத்தகையவரைச் சான்றாக நிறுத்தியிருப்பதில் நகைச்சுவை உண்டு. கண்டெடுத்த பழஞ்சுவடி என்னும் உத்திக்கு இத்தாலிய மொழியில் மான்சோனியின் 'மணஒப்பந்தம் செய்தோர்' என்னும் நாவல் முன்மாதிரி. அதன் இறுதி வடிவமும் 1840-42 ஆண்டுகளில் வெளியானதே.

இம்முகமூடியால் மொழி சார்ந்த ஒரு நன்மை விளைந்தது. நாவலின் மொழி பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியமாக இருக்க வேண்டிய தேவை நீங்கிற்று. மூல இலத்தீன், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆகியவற்றின் நிழல் படிந்த இக்கால இத்தாலியம் போதுமானதாயிற்று. அதாவது, ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே பெயர்க்கப்பட்ட சொல் என்னும் உடன்பாடு வாசகரோடு செய்யப்பட்டது.

விளக்கம் தரும் முறையிலும் எக்கோ கவனம் செலுத்தினார். சல்காரியின் வீரசாகசக் கதைகளில், பகைவர் துரத்தக் காட்டில் ஓடும் மாந்தர் பாவோபாப் மரவேரில் தடுக்கி விழுந்தவுடன் கதை நின்று, அம்மரத்தைப் பற்றிய தாவரவியல் பாடம் தொடங்கிவிடும். இதனைத் தவிர்க்க அவர் கையாண்டது இடைக்கால அணியிலக்கணம் அறிந்த 'கூறாது விடுகிறேன் எனக் கூறியே கூறல்' என்னும் உத்தி. எல்லாரும் அறிந்ததை நான் ஏன் சொல்ல வேண்டும் எனத் தொடங்கும் முதிய அட்சோ, வாசகர் அறியாத அனைத்தையும் சொல்லி முடிக்கின்றார்.

தம் மாந்தர் இக்காலத்தவர் போலப் பேசுவதாகக் குறை கூறப்பட்ட இடங்கள் உண்மையில் பதினான்காம் நூற்றாண்டு நூல்களிலிருந்து எடுத்தவை என்றும், இடைக்கால மணம் கமழ்வதாகப் பாராட்டப்பட்ட பகுதிகள் தமக்கு இக்காலத்தனவாகவே தோன்றியவை என்றும் எக்கோ குறிப்பிடுகின்றார். இடைக்காலம் பற்றி வாசகர் மனத்தில் உள்ள படிமமும் மெய்யான இடைக்காலமும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

அச்சுக்கு முன்

கையெழுத்துப்படியைப் படித்த நண்பர்களும் பதிப்பாசிரியர்களும் முதல் நூறு பக்கங்களைச் சுருக்குமாறு கேட்டுக்கொண்டனர். எக்கோ இணங்கவில்லை. மடத்தினுள் புகுந்து ஏழு நாள் தங்க விரும்புபவர் மடத்தின் நடையினை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்பக்கங்கள் ஒருவகை நோன்பு என்பது அவர் விடை.

தலைப்பிலும் மாற்றம் நேர்ந்தது. தொடக்கத்தில் வைத்திருந்த 'குற்றத்தின் மடம்' என்னும் பெயர் துப்பறியும் கூற்றினை மட்டுமே முன்னிறுத்தியமையால் கைவிடப்பட்டது. 'மெல்க் ஊர் அட்சோ' என்பதை அவர் விரும்பினார். ஆயினும் இத்தாலியப் பதிப்பகத்தார் ஆட்பெயர்த் தலைப்புகளை விரும்புவதில்லை. 'ரோஜாவின் பெயர்' ஏறத்தாழத் தற்செயலாக வந்தது. ரோஜா பல பொருள்களைச் சுமந்து, இனித் தனக்கென ஒரு பொருளும் எஞ்சாத குறியீடாகிவிட்டமையால், வாசகரை ஒரே விளக்கத்திற்கு இட்டுச்செல்லாது என அவர் கருதினார்.

சிறிய சொற்கள்

முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 2012-ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் எக்கோ மாற்றியவற்றுள் சில காலமுரண்கள். மூலிகைச் சுவடியில் வரும் ஒரு கீரையின் பெயரைச் சுரையினத்துப் பெயராகப் படித்து, அதனைப் பூசணி என எழுதியிருந்தார். நாம் இன்று அவ்வாறு அறியும் காய் அமெரிக்கக் கண்டம் அறியப்பட்ட பின்னரே ஐரோப்பாவுக்கு வந்தது. குடைமிளகாயும் அத்தகையதே. வில்லால் மீட்டும் பழைய நரம்புக்கருவி இருக்க வேண்டிய இடத்தில் வயலின் இடம்பெற்றிருந்தது. அட்சோ ஒரு செயலைச் சில 'செகண்டுகளில்' செய்து முடித்ததாகவும் ஓரிடத்தில் இருந்தது.

நூலகப் பட்டியலையும் படிகளின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே வரையறுத்தவர் இங்குத் தவறியது ஏன்? பெரிய சொல் எழுத்தாளரை நிறுத்தி வைக்கின்றது. 'தப்பறை', 'உடைமை' என எழுதும்போது கை தானே அகராதியை நாடும். சமையலறைச் சொல்லோ ஐயம் எழுப்புவதில்லை. அதனினும் ஆழமான காரணம் சொல்லும் பொருளும் வெவ்வேறு வயதுடையனவாக இருத்தலே.

'சூக்கா' என்னும் இத்தாலியச் சொல் புதியதன்று. அமெரிக்கப் பூசணி வருமுன்னரே அது பழைய உலகின் சுரைக்காயைக் குறித்து வழங்கியது. புதிய காய் வந்தபோது அதற்கும் அப்பெயரே சென்றது. குடைமிளகாயைக் குறிக்கும் 'பெப்பெரோனே', மிளகினைக் குறிக்கும் 'பெப்பே' என்பதன் அடியாகப் பிறந்தது. அடிச்சொல் தொன்மையானது; பொருள் பதினாறாம் நூற்றாண்டினது. புதிய சொல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பழைய உடையணிந்த புதிய பொருளே கண்ணுக்குத் தப்புகின்றது.

தமிழிலும் இந்நிகழ்வு அப்படியே காணப்படுகின்றது. 'மிளகு' என்னும் தொல்சொல்லின் மேல் எழுந்த 'மிளகாய்' போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் இங்கு வந்த காயைக் குறிப்பது. ஆயினும் சொல்லின் தோற்றம் அதனை நெடுங்காலத்ததாகக் காட்டுகின்றது. மாறாக, 'பரங்கிக்காய்' தன் அயன்மையினைப் பெயரிலேயே அறிவிக்கின்றது. 'விநாடி' மற்றொரு வகை. நாழிகையின் அறுபதில் ஒரு பங்காகிய, இன்றைய 24 செகண்டு அளவினைக் குறித்த அச்சொல், இக்காலத்தில் ஒரு செகண்டினைக் குறிக்கின்றது. சொல் மாறவில்லை, அளவு மாறிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் நிலை

ஆசிரியர் 2012-இல் திருத்திய சொற்கள் அதற்குள் பல மொழிகளில் பரவிவிட்டன. ஜெர்மன், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் 1982-இலும், வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1983-இலும் வெளிவந்திருந்தன. தமிழில் பெயர்ப்பவர் 1980-ஆம் ஆண்டுப் பாடத்தை மூலமாகக் கொண்டு 'சூக்கா' என்பதற்குச் 'சுரைக்காய்' என எழுதினால், ஆசிரியரின் பிழையினை அறியாமலே திருத்தியவராவார். 'பரங்கிக்காய்' என எழுதினால் மூலத்தில் மறைந்திருந்த பிழையினை வெளிச்சமிட்டுக் காட்டியவராவார். 'நொடி', 'கணம்' ஆகியன செகண்டு என்னும் காலமுரணை உருவின்றிக் கரைத்துவிடும். இவற்றுள் எதுவும் மூலத்திற்கு நிகரன்று. எனவே எப்பதிப்பினை மூலமாகக் கொண்டார் என்பதை மொழிபெயர்ப்பாளர் வெளிப்படக் கூறுதல் முதற்கடமை. சொல்லின் வயதினையும் அது சுட்டும் பொருளின் வயதினையும் தனித்தனியே உறுதிசெய்தல் இரண்டாவது கடமை.

நாவலெங்கும் விரவிய இலத்தீன் மேலும் கடினமான சிக்கல். மேலை வாசகர்க்கு இலத்தீன் முழுதும் விளங்காவிடினும், அது திருச்சபையின் மொழி என்பது விளங்கும். சிரிலிக் எழுத்தில் எழுதப்பட்ட இலத்தீன் ரஷ்ய வாசகரிடம் அவ்வுணர்வினை எழுப்பாது. ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் எலேனா கொஸ்தியுக்கோவிச்சோடு கலந்து எண்ணியபோது, இலத்தீனுக்கு ஈடாகப் பழைய திருச்சபை ஸ்லாவியத்தைக் கையாளும் தீர்வு கிடைத்ததாக எக்கோ மொழிபெயர்ப்பு பற்றிய தம் நூலில் பதிவு செய்துள்ளார். சொல்லுக்குச் சொல் நேராகாது போயினும், தொலைவும் சமயச் சூழலும் அவ்வாறு காக்கப்படுகின்றன.

தமிழில் இதற்கு வடமொழியோ மணிப்பிரவாளமோ ஈடாகும் எனத் தோன்றலாம். ஆயின் அவை தொலைவினைத் தருமேயன்றி, வேறு சமயங்களின் சூழலையும் உடன்கொண்டு வரும். 'மடாதிபதி' என்னும் ஒரு சொல்லே வாசகரைச் சைவ மடத்தின் வாயிலில் நிறுத்திவிடக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கக் (1962-65) காலம் வரை தமிழகக் கத்தோலிக்கக் கோவில்களில் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தது. அதனோடு இணைந்து வழங்கிய பழைய செபப்புத்தகத் தமிழும் உண்டு. 'சர்வேசுரன்', 'இஸ்பிரீத்து சாந்து', 'அர்ச்சியசிஷ்டர்' போன்ற சொற்கள் அச்சங்கத்திற்குப் பின் 'இறைவன்', 'தூய ஆவி', 'புனிதர்' எனப் பெரிதும் மாறின. அப்பழந்தமிழ் முற்றும் விளங்காவிடினும் இன்ன சமயத்தது என உடனே உணரப்படும். ஆகவே மன்றாட்டுகளும் திருமறைத் தொடர்களும் வரும் இடங்களில் அதனை அளவோடு ஆளுதல் பொருந்தும். அது 1327-ஐச் சார்ந்ததன்று. போர்த்துக்கீசியச் சமயப்பணிக் காலத்து ஆக்கம். எனினும் இங்கு ஈடு செய்யப்படுவது இலத்தீனின் வயதன்று, அதன் பணியே ஆகும்.

முடிவுரை

நாவல் ஓர் இலத்தீன் அடியோடு முடிகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த குளூனி ஊர் பெர்னார்து இயற்றிய, உலகின் நிலையாமை பற்றிய கவிதையிலிருந்து எடுத்தது அது. பொருட்கள் மறைய, வெறும் பெயர்களே எஞ்சுகின்றன என்பது அதன் கருத்து. தாம் அறிந்த பாடத்தில் 'ரோசா' என இருந்த இடத்தில், வேறு படிகளில் 'ரோமா' என இருப்பதனை எக்கோ பின்னர் அறிந்தார். ரோமானியப் பழம்பெயர்களை அடுத்து வரும் அவ்விடத்தில் உரோம் நகரே பொருத்தமாகப் படுகின்றது. அப்பாடத்தினை முன்னரே கண்டிருந்தால் நாவலின் பெயர் 'உரோமின் பெயர்' என அமைந்து, பாசிசச் சாயலும் பெற்றிருக்கும் என 1990-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் அவர் குறிப்பிட்டார்.

ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு உலகறிந்த ஒரு நாவலின் தலைப்பினைத் தாங்கி நிற்கின்றது. பொருள் அழிந்தபின் பெயர் எஞ்சும் என்பது அக்கவிதையின் கூற்று. பெயர் நிலைத்திருக்க அதன் உள்ளிருக்கும் பொருள் மாறிவிடும் என்பது 2012-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் உணர்த்தும் பாடம். வரலாற்று நாவலாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் அஞ்ச வேண்டியது இப்பின்னதற்கே. அருஞ்சொற்களுக்கு அகராதிகள் துணை நிற்கின்றன. ஐயமே எழுப்பாத எளிய சொற்களுக்கு, ஒவ்வொன்றையும் நிறுத்தி அதன் பொருளின் வயதினைக் கேட்கும் பொறுமையன்றி வேறு துணையில்லை.